இப்பத்தானுங்க சாப்பிட்டோம்

"ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?"

கேட்டவர் என் அப்பா. கேட்கப்பட்டவன் அவர் பெற்ற ஒரே மகனாகிய நான்.

இடம் வெள்ளியங்கிரி. ஆறாவது மலைக்குப் போகிற முகட்டுப் பாதை. இரண்டு பக்கமும் புல் சரிந்து இறங்குகிறது. கொஞ்ச தூரத்துக்குப் பிறகு புல்லும் தெரியாது, வெள்ளையாக மேகம்தான் தெரியும். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்குப் பாதை, சில இடங்களில் அதுவும் இல்லை.

அப்பா கிண்டல் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவருக்குக் கிண்டல் வராது. முகத்தைப் பார்த்தேன். சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. அந்தக் குளிர்காற்றிலும் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கண்கள் என்னைப் பார்த்தன, ஆனால் யாரோ ஒரு வழிப்போக்கனைப் பார்ப்பது போல.

"கணபதிங்க" என்றேன், வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

"அட, நம்மூருங்களா! நானும் கணபதிதானுங்க. அங்க பட்டறை வெச்சிருக்கறனுங்க" என்றார் மலர்ச்சியாக. பிறகு கைகூப்பி, "செரீங்க, நேரமாச்சு, ஊட்டுக்கு வாரனுங்க" என்று விடைபெற்றுக்கொண்டு, பாதையை விட்டுப் புல் சரிவின் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

பாய்ந்து அவர் வேட்டியைப் பிடித்தேன்.

டாக்டர் சொன்ன நடை

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் பட்டறையைப் பற்றி எழுதும்போது, "அப்பா ஒருமுறை மலையேறப் போய்த் திரும்பினார்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டேன். அந்த ஒரு வரிக்குள் என் வாழ்க்கையின் மிகப் பெரிய பயம் இருக்கிறது. அதைவிடப் பெரிய நிம்மதியும் இருக்கிறது. அதனால் இந்த வாரம் பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு மலைக்குப் போவோம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். நான் டிப்ளமோ முடித்து அப்பாவோடு லேத்தில் நிற்க ஆரம்பித்திருந்தேன். கோயமுத்தூரில் எங்கள் கணபதிப் பகுதியில் அப்போது ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் லேத் ஓடும். நாங்கள் பம்ப் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். தலையணையில்கூடக் கூலண்ட் ஆயில் வாசம் அடிக்கும்.

அந்த வருஷப் பொங்கலுக்குப் பிறகுதான் அப்பாவுக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு அது தலைவலி, காய்ச்சல் மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. அம்மா சர்க்கரை டப்பாவை எடுத்துப் பரணில் வைத்துவிட்டார். காப்பிக்கு, பாயசத்துக்கு, பழத்துக்கு எல்லாம் தடை. எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: இனிப்பு விஷம்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "நல்லா நடங்க" என்றார். காலையில் அரை மணி நேரம் தெருவில் நடக்கச் சொல்லியிருப்பார். அப்பா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. "டாக்டர் நடக்கச் சொல்லீருக்காரு. வெள்ளியங்கிரி போயிட்டு வந்துர்றேன்" என்றார்.

பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வருஷா வருஷம் சித்திரையில் போய்வருவார்கள். அப்பாவுக்கு மட்டும் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஆர்டர் குறுக்கே வந்து நிற்கும். ஏழு மலையும் ஏறி உச்சியில் சாமியைப் பார்க்காத கணபதிக்காரர் தான் ஒருவர்தான் என்று அவருக்கு உள்ளூரக் குறை. அம்மா தடுத்துப் பார்த்தார். கூடப் போகலாம் என்றால், ஐம்பது தாண்டிய பெண்கள்தான் அந்த மலை ஏறுவது வழக்கம். அம்மாவுக்கு அந்த வயது வரவில்லை. அதனால் துணைக்கு நான்.

மூன்று தடவை கேட்பது

இங்கே அப்பாவின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் மலையில் நடந்தது புரியாது.

எங்கள் பக்கம் ஒறம்பரையாக ஒரு வீட்டுக்குப் போனால், அதாவது விருந்தாளியாகப் போனால், சாப்பிடச் சொன்னதும் உட்கார்ந்துவிடக் கூடாது. "இப்பத்தானுங்க சாப்பிட்டோம்" என்று சொல்ல வேண்டும். அவர்கள் விடாமல் திரும்பவும் கூப்பிட வேண்டும். நாம் திரும்பவும் மறுக்க வேண்டும். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும்போது, "செரி, உங்க மனசு நோகக் கூடாதுங்க" என்று போய் இலை முன் உட்கார வேண்டும். இரண்டு தரப்புக்கும் இந்த ஆட்டம் தெரியும். யாரும் பட்டினி கிடப்பதில்லை.

அப்பா மூன்றாவது தடவையும் மறுப்பார். நாலாவது தடவையும் மறுப்பார். அடுத்தவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். அதிலும் ஒரு கொடுமை, "சாப்பிட்டோம்" என்று என்னையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். சின்ன வயதில் எத்தனை வீட்டு ஒப்புட்டை நான் வாசனையோடு விட்டுவந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அன்னூர் பக்கம் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோதும் இதே கதைதான். பஜ்ஜி வைத்தார்கள், வேண்டாமுங்க. கச்சாயம் வைத்தார்கள், வேண்டாமுங்க. காப்பியையாவது குடியுங்கள் என்றார்கள், இப்பத்தானுங்க குடிச்சோம். மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை, அதுதான் கை நனைக்காமல் போகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்பாவின் மாமா மறுபடியும் ஒரு நடை போய்ச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

"உங்கப்பா அன்னைக்கு ஒரு பஜ்ஜி தின்னிருந்தா ஆறு மாசம் முன்னாடியே கல்யாணம் முடிஞ்சிருக்கும்" என்பார் அம்மா.

இலைப் பொட்டலம்

காந்திபுரத்தில் முதல் பஸ் பிடித்துப் பூண்டிக் கோயில் அடிவாரத்தில் இறங்கியபோது வெளுத்துக்கொண்டிருந்தது. சீசனில் பெரும்பாலும் எல்லோரும் ராத்திரியில்தான் ஏறுவார்கள். அப்பாவுக்கு இருட்டில் நடக்க இஷ்டமில்லை. "கண்ணுக்குத் தெரியாம ஏறி என்னத்தப் பாக்கறது?" என்றார்.

அடிவாரத்தில் எல்லோரும் மூங்கில் தடி வாங்குவார்கள். அப்பா வாங்கவில்லை. பட்டறையிலிருந்தே அரை இஞ்ச் ஜி.ஐ. பைப் ஒன்றை உயரத்துக்கு அறுத்து, மேலே கைப்பிடிக்கு ரப்பர் மாட்டி எடுத்துவந்திருந்தார். கல்லில் ஊன்றும்போதெல்லாம் டிங் டிங்கென்று சத்தம் வந்தது. போகிற வருகிற சாமிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மலையில் எல்லோருக்கும் எல்லோரும் சாமிதான்.

நான் டீக்கடையில் இரண்டு பன் தின்றேன். அப்பா குழாயடியில் நின்று மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். "இதப் போட்டு அரை மணி நேரம் பொறுத்துத்தான் திங்கோணுமாமா. மேல புள்ளையார் கோயல்ல வெச்சுத் தின்னுக்கறேன்" என்றார். என் தோள்பையில் அம்மா வாழையிலையில் கட்டிக் கொடுத்த இட்லிப் பொட்டலம் இருந்தது. எள்ளுப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. அந்த வாசம் பையைத் தாண்டி வந்தது.

முதல் மலைதான் மலைகளிலேயே மோசமானது. மூச்சுவிட இடம் கொடுக்காமல் படிக்கட்டு நட்டமாக நிற்கும். அது முடிகிற இடத்தில் வெள்ளைப் பிள்ளையார் கோயில். அப்பாவிடம் பையைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, நான் போய் வரிசையில் நின்று கும்பிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு வந்தேன். பை மெலிந்திருந்தது.

"தின்னுட்டீங்களாப்பா?"

"ஆச்சு, ஆச்சு" என்றார்.

நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் நாலு காலேஜ் பையன்கள் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அவர்கள் சாப்பாட்டுப் பையைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. அப்பா பொட்டலத்தை அப்படியே எடுத்து அவர்களிடம் நீட்டிவிட்டார். அந்தப் பையன்கள் நல்லவர்கள், "உங்களுக்கு வேண்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"நாங்க இப்பத்தானுங்க சாப்பிட்டோம்" என்றிருக்கிறார் அப்பா.

டிங் டிங் நின்றது

அதற்குப் பிறகு வழி நெடுகச் சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. ராத்திரி ஏறியவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மிச்சம் மீதியைக் கீழே சுமந்துபோக யாருக்கும் மனமில்லை. வழுக்குப்பாறையில் ஒரு குடும்பம் தயிர்சாதத்தை நீட்டியது. கைதட்டிச் சுனையில், கை தட்டினால் தண்ணீர் வரும் என்று எல்லோரும் தட்டிக்கொண்டிருந்த இடத்தில், பொள்ளாச்சிக்காரர்கள் சுண்டல் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அப்பா அதே பதிலைச் சொன்னார். நான் அப்பா பார்க்காத நேரத்தில் சுண்டலில் ஒரு கை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

நாலாவது மலை தாண்டியதும் மரங்கள் குறைந்துபோயின. பாதை முகட்டின் மேலேயே ஓடியது. காற்று ஒரு பக்கமிருந்து ஏறி மறுபக்கம் இறங்கியது. நான் முன்னால் நடந்தேன். பின்னால் டிங் டிங் கேட்டுக்கொண்டிருந்ததால் திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அப்பா திட்ட ஆரம்பித்தார். நான் வேகமாகப் போகிறேன் என்று ஒரு திட்டு. மெதுவாகப் போகிறேன் என்று ஒரு திட்டு. ஷாஃப்ட் ஒன்று அளவில் அரை நூல் குறைந்துபோனதற்கு, அது நடந்து இரண்டு மாசம் ஆகியிருக்கும், அதற்கு ஒரு திட்டு. அவர் அப்படிச் சள்ளென்று விழுகிற ஆளே இல்லை. களைப்பு, வேறொன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு திட்டு நின்றது. டிங் டிங்கும் நின்றது. திரும்பிப் பார்த்தேன். பைப்பைக் கீழே போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். ஓடிப் போய், "என்னப்பா?" என்றேன். அப்போதுதான் என்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார்.

கோபியிலிருந்து வந்த வெல்லம்

வேட்டியைப் பிடித்துக்கொண்டு நான் போட்ட கூச்சல் எந்த மலை வரைக்கும் கேட்டதோ தெரியாது. அப்பா என்னை இழுத்துக்கொண்டு சரிவை நோக்கி நடக்கப் பார்த்தார். அவர் லேத்தில் முப்பது வருஷம் நின்ற ஆள், பிடித்து நிறுத்துவது லேசில்லை. அந்த நேரத்திலும், "உடுங்க சாமி, நேரமாச்சுங்க, உட்ருங்க" என்று மரியாதை குறையாமல் கெஞ்சினார். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அப்பா போய்விட்டார், இவர் வேறு யாரோ என்று எனக்குத் தோன்றியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேலேயிருந்து ஒரு அம்மா இறங்கி வந்தார். ஐம்பத்தைந்து அறுபது இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டு கட்டியிருந்தார். அவர் வீட்டுக்காரர் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தார். கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டக்காரர்கள் என்று பிறகு சொன்னார்கள். அந்த அம்மா வந்த வேகத்தில் அப்பாவின் தோளை அழுத்திப் பாறையில் உட்கார வைத்தார். கழுத்தில் கை வைத்துப் பார்த்தார்.

"சக்கரை இருக்குதுங்களா இவுருக்கு?"

"ஆமாங்க."

"காத்தால மாத்திரை போட்டாருங்களா?"

"போட்டாருங்க."

அவ்வளவுதான். பையைத் திறந்து அச்சுவெல்லம் ஒன்றை எடுத்துக் கல்லில் தட்டி உடைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இனிப்பு விஷம்!

"ஐயோ, வெல்லம் ஆகாதுங்க! அவருக்குச் சக்கரைங்க!" என்று கையைக் குறுக்கே நீட்டினேன்.

"அதுக்குத்தானுங்க குடுக்கறேன். மாத்திரையைப் போட்டுட்டு ஒண்ணும் திங்காம ஏறீருக்காரு. ரத்தத்துல சக்கரை அடியோட எறங்கிப்போச்சு. எங்கூட்டுக்காரருக்கு ரெண்டு தடவை இப்படி ஆயிருக்குது. கையை எடு கண்ணு."

நான் கையை எடுக்கவில்லை. ஒரு பக்கம் டாக்டர், ஒரு பக்கம் முன்பின் தெரியாத ஒரு அம்மா. நான் தப்பாக முடிவெடுத்தால் அப்பா இல்லை. அந்த நேரத்தில் அப்பாவின் தலை மெதுவாக என் தோளில் சாய்ந்தது. கனமாக, ஈரமாக. கையை எடுத்துவிட்டேன்.

டம்ளர் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து வாயருகே கொண்டுபோனார். அப்பா கண்ணைத் திறக்காமலே கைகூப்பினார்.

"வேண்டாமுங்க அம்மணி. இப்பத்தானுங்க…"

"கேக்கலீங்க. வாயைத் தொறங்க" என்றார் அந்த அம்மா. முதல் தடவையே. மூன்று தடவை கேட்கிற ஆட்டமெல்லாம் அவரிடம் இல்லை.

பாதி சட்டையில் போயிற்று, பாதி உள்ளே போயிற்று. பிறகு ஒரு துண்டு வெல்லத்தை அப்படியே வாயில் வைத்தார். நாங்கள் காத்திருந்தோம். மேகம் ஏறி வந்து எங்களை மூடி, மறுபடியும் விலகியது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் சாமியைக்கூட வேண்டிக்கொள்ளவில்லை. அப்பாவின் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் உதட்டில் நிறம் வந்தது. பிறகு கண் திறந்தது. சுற்றிப் பார்த்தார். குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார்.

"ஏன்டா கண்ணு, வேட்டியப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறே? உடு, அவுந்துரும்" என்றார்.

நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் தெரியாது. இரண்டையும் சேர்த்துத்தான் செய்தேன். அந்த அம்மா தலைத்துண்டை அவிழ்த்து என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

அதோடு அவர் விடவில்லை. புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்து அப்பா முன்னால் வைத்தார். அப்பாவின் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. "இல்லீங்க, இப்பத்தானுங்க சாப்பிட்டோம்."

"எப்பங்க?"

அப்பா விழித்தார். முப்பது வருஷமாக அவர் சொல்லிவரும் அந்த வாக்கியத்துக்கு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"நேத்துப் பொழுதோடங்க" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் முதல் முறையாக வாயைத் திறந்து, விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா தூக்கை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார். பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். காலேஜ் பையன்களின் கதை அப்போதுதான் வெளியே வந்தது.

மேகம் விலகியபோது ஏழாவது மலை எதிரே நின்றது. உச்சியில் ஆட்கள் நகர்வதுகூடத் தெரிந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், போய்விடலாம் என்று கிளம்பிவிடுவாரோ என்று நான் பாதையை மறித்து நின்றேன். அவர் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நின்ற இடத்திலிருந்தே கும்பிட்டார்.

"எறங்கலாம் வா" என்றார்.

அதைவிட நல்ல வார்த்தையை நான் எந்த மலையிலும் கேட்டதில்லை.

இறங்கும் வழியெல்லாம் அந்தத் தம்பதி எங்களோடு வந்தார்கள். நான் அப்பாவின் கையை விடவில்லை. நிமிஷத்துக்கு ஒருமுறை அவரிடம் ஏதாவது கேள்வி கேட்டேன். அத்தை பெயர் என்ன, ஷாஃப்டுக்கு என்ன அளவு, நம்ம வீட்டுக் கதவு என்ன நிறம். ஒரு கட்டத்தில் பொறுமை இழந்து, "பேசாம வாடா கழுதை, மூச்சு வாங்குது" என்றார். காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது.

சமையலறை வாசல்

வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அம்மா சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்காக அல்ல, நாங்கள் மறுநாள்தான் வருவோம் என்று நினைத்திருந்தார். பஸ்ஸில் வரும்போது, அம்மாவிடம் எதைச் சொல்வது எதை விடுவது என்று நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

அப்பா கைகால் கழுவவில்லை. பையைக் கழற்றவில்லை. நேராகப் போய்ச் சமையலறை வாசலில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பசிக்குது. போடு" என்றார்.

அம்மாவின் கையில் தோசைத் திருப்பி அப்படியே நின்றது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் வாயால் அந்த வார்த்தையை அம்மா கேட்டதேயில்லை. வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் எழுந்துபோவார். அம்மா அடுப்பைத் தணித்தார். அப்பாவைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"என்னடா ஆச்சு மலைல?"

ஒத்திகை பார்த்த எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அப்பா தட்டை எடுத்துத் தானே தன் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் ஆகலீங்கம்மா. எல்லாஞ் செரியாப்போச்சு" என்றேன். "அப்பாவுக்குப் பசிக்குதாமா. மொதல்ல போடுங்க."